தண்ணீரைக் கழித்த எடை

எங்கள் ஸ்கேன் அறையில் அவருக்குத் தராசு அக்கா என்று பெயர். சந்தையில் பூசணிக்காயைக் கையில் தூக்கிப் பார்த்தே எடை சொல்லிவிடுவார். அவர் வருகிறார் என்றால் கடைக்காரர்கள் எடைக்கற்களைச் சரிபார்த்துக்கொள்வார்கள். அப்படிப்பட்டவருக்குப் பக்கத்து மேசையில் பன்னிரண்டு வருஷமாகப் பதிவெழுத்தராகக் குப்பை கொட்டுகிறேன். என் பொறுமையைத்தான் பாராட்ட வேண்டும்.

உயிரோடு இருப்பவர் தன் ஈரலில் ஒரு பங்கைக் கொடுக்கும் முன், அது எத்தனை கிராம் தேறும் என்று படத்தை வைத்தே கணித்துச் சொல்வதுதான் அக்காவின் வேலை. திரையில் ஒவ்வொரு படமாக நகர்த்தி ஈரலின் ஓரத்தை மவுஸால் வரைவார். பித்தப்பையையும் பெரிய ரத்தக்குழாய்களையும் ஒதுக்கிவிடுவார். அந்த நேரத்தில் யாராவது வாயைத் திறந்தால் தொலைந்தார்கள்.

ஒருமுறை ஈரல் கெட்டுப்போன ஒரு தையல்காரருக்கு அவர் மனைவி கொடுக்க வந்தார். ஒல்லியான பெண். வலது பங்கு ஐந்நூற்று நாற்பது கிராம் என்று வந்தது. கணவரின் எடை எழுபத்து நான்கு கிலோ என்று நான் எழுதியிருந்தேன். வாங்கிக்கொள்பவரின் எடையில் கிலோவுக்கு எட்டு கிராம் ஈரலாவது வேண்டும். ஐம்பது கிராமுக்கு மேல் துண்டு விழுந்தது.

"வேற ஆளே இல்லைங்க. இன்னும் கொஞ்சம் சேர்த்து வெட்டிக்கச் சொல்லுங்க," என்றார் அந்தப் பெண் என்னிடம். சேர்த்து வெட்டினால் அவருக்கு மிஞ்சுவது போதாது. அதை எந்த வாயால் சொல்வது?

அக்கா முதலிலிருந்து வரைந்தார். அதே ஐந்நூற்று நாற்பதுதான். பிறகு கணவரின் படத்தைத் திறந்தவர், என் பக்கம் திரும்பினார்.

"இந்த எடையை எங்கேருந்து எழுதினே, தம்பி?"

"நேத்து மெஷின்ல நிக்க வச்சுத்தான் எழுதினேன்," என்றேன் ரோஷமாக.

"வயிறு பூரா தண்ணி கட்டியிருக்கு பாரு. ஈரல் அந்த மனுஷனுக்கா, தண்ணிக்கா?"

தண்ணீரைக் கழித்த எடைக்குப் படிவத்தில் தனிக் கட்டமே இருந்தது. அதில் நான் ஒரு கோடு கிழித்துவிட்டிருந்தேன். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. அக்கா என்னைத் திட்டக்கூட நிற்காமல் படத்தோடு அறுவை மருத்துவரிடம் ஓடினார். தண்ணீரை எடுத்துவிட்டு மறுபடி நிறுத்தார்கள்: அறுபத்து நான்கு. ஐந்நூற்றுப் பன்னிரண்டு கிராம் போதும்.

அறுவை நடந்த அன்று அக்கா போனை மடியிலேயே வைத்திருந்தார். எடுத்த பங்கு ஐந்நூற்று இருபத்தாறு கிராம் என்று தகவல் வந்தது.

"ரத்தம் வடிஞ்சா கொஞ்சம் குறையத்தான் செய்யும்," என்று சாதாரணமாகச் சொன்னவர், மறுபக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பொய் சொல்வானேன், நானும்தான்.

நான்கு மாதம் கழித்துத் தையல்காரர் பரிசோதனைக்கு வந்தார். நான் இரண்டு தடவை நிறுத்து, அறுபத்தைந்து என்று எழுதினேன். அவர் மனைவி எட்டிப் பார்த்தார்.

"அதுல அரைக் கிலோ என்னோடதுங்க. தனியா எழுதிக்குங்க."

படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை. ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.