மூப்பர் சொன்ன ஒரே சொந்தப் பாவம்

நெடுந்தீவில் பக்திமான் யார் என்று கேட்டால் அன்ரனிதாஸ் தன் முழங்காலைத்தான் காட்டுவார். கோயில் மூப்பராகப் பதினெட்டு வருசம் செபமாலை தொடக்கி வைத்துக் காய்த்துப்போன முழங்கால். சாரத்தை உயர்த்திக் காட்டவும் அவர் கூச்சப்பட்டதில்லை. மனைவி மாக்கிறேற்றுக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மாட்டைக் கட்டுவது, தண்ணி அள்ளுவது, விறகு பொறுக்குவது எல்லாம் அவள் தலையில். பிறகென்ன, இந்த மனிசனுக்கு முழங்கால் காய்க்க நேரம் இல்லாமலா போகும்?

மாதத்தின் முதல் வெள்ளி தவறாமல் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார். அங்கே அவர் கொட்டுவது முழுக்க ஊரார் பாவம். காது மந்தமாகி ஐந்தாறு வருசம். தான் கிசுகிசுப்பதாக நினைத்து அவர் சொல்வது கடைசி வாங்கில் இருப்பவருக்கும் கேட்கும்.

“சுவாமி, றொபின்சன் ஞாயிற்றுக்கிழமையும் கடலுக்குப் போறான். அதைப் பாத்து எனக்குக் கோவம் வந்திட்டுது.”

கோபம் மட்டும்தான் இவருடையது. மிச்சமெல்லாம் றொபின்சனுடையது. வரிசையில் நிற்பவர்கள் உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்பார்கள். ஒருவரும் அவரிடம் போய் உண்மையைச் சொன்னதில்லை. சும்மா கிடைக்கிற பகிடியை யார் கெடுப்பார்கள்?

மாக்கிறேற்றுக்கு மட்டும் சிரிப்பு வராது. அவளுடைய ஒரே மகள் பிரியவதனி நாலு வருசத்துக்கு முன் கடல் தாண்டி மண்கும்பானில் நிமலன் என்ற சைவப் பெடியனைக் கட்டிக்கொண்டாள். அன்று மூப்பர் கோயிலுக்குப் போய்வந்து தீர்ப்புச் சொன்னார்.

“சுவாமி கண்டிப்பாச் சொல்லிப்போட்டார். அவன் ஞானஸ்நானம் எடுக்கும்வரைக்கும் அவள் இந்தப் படலைக்குள்ள கால் வைக்க ஏலாது. நீரும் அங்க போகப்படாது.”

சுவாமி சொன்னால் அதற்கு மேல் பேச்சு ஏது? பேத்தி பிறந்ததும் பல் முளைத்ததும் நடந்ததும் மாக்கிறேற்றுக்குக் கைபேசிப் படமாகத்தான் வந்தன. அதே சுவாமிக்குக் கிழமையில் இரண்டு நாள் அவள்தான் சோறு கொடுத்தனுப்பினாள். ஆனாலும் அவரிடம் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மூப்பரின் பெண்சாதி மூப்பரைத் தாண்டிச் சுவாமியிடம் போகக்கூடாது. அந்தக் கட்டளையை எந்த வேதத்தில் எடுத்தாரோ, மூப்பருக்குத்தான் வெளிச்சம்.

இந்தத் தபசுகாலத்து வெள்ளிக்கிழமையும் அன்ரனிதாஸ் முதல் ஆளாகப் போய் முழங்காலிட்டார். மாக்கிறேற் நாலாவது ஆளாக நின்றாள். றொபின்சன் முடிந்து, யாரோ ஒரு மருமகளின் உடுப்பு நீளத்துக்கு வந்தபோது சுவாமி குறுக்கிட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு மூப்பரின் குரல் வந்தது.

“என்ர பாவமோ? ஓம் சுவாமி, மகளின்ர விசயம் ஒண்டு இருக்கு. நீங்கள் அப்பவே ரெண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வரச் சொன்னனீங்கள். நான்தான் வீட்டில, சுவாமி வேண்டாம் எண்டிட்டார் எண்டு சொல்லிப்போட்டன். மூப்பற்ற வீட்டுக்குள்ள சைவக்காரன் வந்தால் என்ர மரியாதை என்னாகிறது?”

கோயிலில் ஒருவரும் சிரிக்கவில்லை. முன்னால் நின்ற சுமித்திரா மெல்லத் திரும்பி மாக்கிறேற்றைப் பார்த்தாள். மாக்கிறேற்றுக்கு முதலில் அழுகை வரவில்லை, அருவருப்புத்தான் வந்தது. கடவுளின் பெயரில் பொய் சொன்னவனுக்கு நாலு வருசமாகச் சோறு போட்டிருக்கிறாள்.

அன்ரனிதாஸ் முகம் தெளிந்து வெளியே வந்தார். பாரத்தை இறக்கிவிட்டாராம். வரிசையை விட்டு விலகிப் போகும் மனைவியைக் கண்டு கூப்பிட்டார்.

“என்னப்பா, நீர் பாவசங்கீர்த்தனம் செய்யேல்லையோ?”

முப்பத்தொரு வருசமாக அவர் அவளை நீர் என்பார், அவள் அவரை நீங்கள் என்பாள். அவள் அவருடைய காதுக்கு எட்டும்படி உரத்துச் சொன்னாள்.

“என்ர பாவத்தையும் நீரே போய்ச் சொல்லும்.”

வீட்டுக்கும் போகாமல் நேரே இறங்குதுறைக்கு நடந்தாள். மத்தியான வள்ளத்தில் ஏறி இருந்துகொண்டு, தான் வருவதாக மகளுக்கு அழைப்பெடுத்துச் சொன்னாள். அந்தப் பக்கம் பிரியவதனி கேட்டாள்.

“அம்மா, கடைசியாச் சுவாமி விட்டிட்டாரோ?”

“அவர் நாலு வருசத்துக்கு முந்தியே விட்டவர், பிள்ளை. அவரிட்ட ஒருக்காலும் கேளாமல் இருந்தவள் நான்தான்.”