பத்துச் சொற்களுக்குப் பிறகு

பேய், முனி, ஆவி எதையும் நான் நம்பியதில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் இப்போதே என்னை ஒரு மாதிரி பார்க்கிறீர்கள். இலங்கையில், பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் மருந்து கொடுக்கிற டிஸ்பென்சராக இருந்தவன் நான். பேய் பிடித்துவிட்டது என்று வந்தவர்களுக்கெல்லாம் விளக்கெண்ணெய் கொடுத்து லயத்து வீட்டுக்குத் திருப்பி அனுப்பியவன். அப்படிப்பட்டவனுக்குத்தான் பட்டப்பகலில், அதுவும் அத்தனை டாக்டர்கள் கூடியிருந்த இடத்தில் இது நடந்தது.

எழுபதுகளின் ஆரம்பம். காது அறுவைச் சிகிச்சை டாக்டர்களின் மாநாடு ஒன்று பதுளையில் கூடியது. வெளிநாட்டு சர்ஜன் ஒருவர் ஒரே ஒரு நோயாளிக்கு ஆபரேஷன் செய்து காட்டுவார், மற்றவர்கள் பக்கத்து மண்டபத்தில் உட்கார்ந்து ஸ்பீக்கரில் கேட்பார்கள் என்று ஏற்பாடு. அந்த ஒரு இடத்தை அலைந்து திரிந்து எங்கள் தோட்டத்துச் செல்வமணிக்கு வாங்கிவிட்டேன். கொழுந்து பறிக்கிறவள். ஒவ்வொரு பிரசவத்துக்குப் பிறகும் காது மந்தமாகிக்கொண்டே வந்து, மூன்றாவதோடு சுத்தமாக அடைத்துவிட்டது. ஒருநாள் அவள் முதுகுக்குப் பின்னால் கைக்குழந்தை சாக்கடையில் விழுந்து கத்தியிருக்கிறது, இவள் பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"புள்ள அழுவுறது கேட்டாப் போதும் டாக்டரய்யா, வேற ஒன்னும் வேணாங்க" என்றாள். தோட்டத்தில் டிஸ்பென்சரையும் டாக்டரய்யா என்றுதான் கூப்பிடுவார்கள், நானும் வேண்டாம் என்று சொன்னதில்லை.

மரத்துப்போக ஊசி மட்டும் போட்டு, ஆள் விழித்திருக்கும்போதே செய்கிற ஆபரேஷன் அது. காதுக்குள் இறுகிப்போன சின்ன எலும்பை எடுத்து வேறொன்றை வைத்ததும், கேட்கிறதா என்று அங்கேயே பார்ப்பார்கள். சர்ஜனுக்குத் தமிழ் தெரியாது, நர்ஸ் சிங்களப் பெண். அதனால் அவர் விரலைத் தூக்கும்போதெல்லாம் நான் மெதுவாக ஒரு சொல் சொல்ல வேண்டும், அவள் திருப்பிச் சொல்ல வேண்டும். பத்துச் சொற்களை முதல் நாளே நான் எழுதி, யாருக்கும் காட்டாமல் மனப்பாடம் செய்திருந்தேன்.

விரல் உயர்ந்தது. எனக்குக் குரலே வரவில்லை. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. எத்தனையோ கத்திக் காயங்களைத் தைத்தவன், இவளுக்குக் கேட்காமல் போய்விட்டால் என்ன செய்வது என்று நினைத்ததும் நாக்கு ஒட்டிக்கொண்டது. என் வாயில் துணி கட்டியிருந்ததால் ஒருவருக்கும் அது தெரியவில்லை.

"கொழுந்து" என்றாள் செல்வமணி.

நம்பினால் நம்புங்கள், அவள் முகத்தின் மேல் பச்சைத் துணி, அவளால் என்னைப் பார்க்கவே முடியாது. அடுத்த விரலுக்கு "கூடை", அதற்கடுத்து "மழை", இப்படிப் பத்தும் நான் எழுதிய வரிசையிலேயே வந்தன. சர்ஜன் என்னைப் பார்த்துச் சந்தோஷமாகத் தலையாட்டுகிறார், நான் இன்னும் வாயே திறக்கவில்லை! விரல் இறங்கிய பிறகும் எதையோ கவனித்துக் கேட்பவள்போல் கொஞ்ச நேரம் கிடந்தாள். பிறகு "சரிங்க டாக்டரய்யா, சொல்ல மாட்டேன்" என்றாள்.

வெளியே வந்ததும் யாழ்ப்பாணத்து டாக்டர் ஒருவர் மண்டபத்திலிருந்து வந்து என் கையைப் பிடித்தார்.

"உங்கட குரல் ஸ்பீக்கரில வடிவாக் கேட்டுது. கடைசியா என்னவோ குசுகுசுத்தீங்கள், அது மட்டும் விளங்கேல்லை."

"நான் பேசவே இல்லைங்க டாக்டர்" என்றேன்.

"களைச்சுப் போனீங்கள். போய் ஒரு தேத்தண்ணி குடியுங்கோ" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

கட்டுப் பிரித்த பிறகு செல்வமணிக்கு நன்றாகக் கேட்டது. பிள்ளை சிணுங்கினாலே திரும்பிப் பார்த்தாள், எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் அன்றைக்குக் கடைசியாக என்ன கேட்டாய் என்று நான் எப்போது விசாரித்தாலும் தலையைக் குனிந்துகொண்டு போய்விடுவாள். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.

அடுத்த வருடம், இரண்டு அரசாங்கங்களும் போட்ட ஒப்பந்தப்படி தோட்டத்து ஆட்களைத் திருப்பி அனுப்பியபோது, அவள் குடும்பத்தையும் இந்தியாவுக்கு அனுப்பினார்கள். பண்டாரவளை ஸ்டேஷனில் ஒரே கூக்குரல். ரயில் நகர்ந்தபோது நான் ஜன்னலோடு ஓடினேன்.

"இப்பவாவது சொல்லு புள்ள, அன்னைக்கு நான் என்னதான் சொன்னேன்?"

அத்தனை சத்தத்திலும் அது அவளுக்குக் கேட்டது. என்னையே பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ஊரை விட்டுப் போகிற அழுகையா, எனக்காக அழுதாளா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"நீங்கதானுங்க கெஞ்சிக் கேட்டுக்கிட்டீங்க, யாருகிட்டயும் சொல்லக் கூடாதுன்னு" என்றாள். "நாளைக்கு நானே வந்து கேட்டாலும் சொல்லிராதன்னீங்க."