பச்சை விழுந்தும் கிளம்பாத குணா

இன்று காலை சர்வீஸுக்கு விட்ட பைக்கை எடுக்கப் போனால், மெக்கானிக் சேகர் சாவியைத் தரவில்லை.

"ராகு காலம்பா. பன்னெண்டுக்கு மேல எடு."

"குணா மாதிரியே பேசுற."

இருவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஒரு சீசன் முழுக்க நாங்கள் மூவரும், நேர் ரோட்டில் இரண்டு பைக்குகள் மோதும் டிராக் ரேஸ் ஓட்டினோம். ஒருமுறை பச்சை விளக்கு எரிந்தும் குணா நகரவில்லை. எதிராளி ஜெயித்தே விட்டான். இவன் வாட்சைப் பார்த்துக்கொண்டு, "ராகு காலம் முடிய ரெண்டு நிமிஷம் இருக்குதுடா" என்றான்.

சேகர் டீயைக் கீழே வைத்தான்.

"அப்பிடி காத்துக்கினு இருந்தவன், போன வருஷம் காய்ச்சல்ல வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குப் போய்ட்டாம்பா."

சுத்த ராகு காலம்.

எங்கள் ரேஸில் பச்சைக்கு முன்னாலேயே முந்திக் கிளம்பினால் ஸ்டார்ட் கோட்டுக்கே திரும்பக் கூப்பிடுவார்கள். இப்படி முந்திக் கிளம்பிவிட்ட குணாவை யார் கூப்பிடுவது, சொல்லுங்கள்.