நடுச்சுவர் எடுத்த ஹோட்டல்

போன வாரம் கம்பத்தில் ஒரு ஃபைன் டைனிங் ரெஸ்டாரண்ட் திறப்புவிழா. நண்பர் தங்கவேலுவுடையது. உள்ளே நுழைந்ததும் நின்றுவிட்டேன். இந்த ஹால் இவ்வளவு அகலமா?

அகலம்தான். எனக்குத்தான் மறந்துவிட்டது.

நாங்கள் காலேஜ் படித்தபோது இங்கே தங்கவேலுவின் அப்பா சாப்பாட்டுக் கடை நடத்தினார். சுருளி அருவியில் குளித்துவிட்டு, தலைகூடக் காயாமல் வந்து உட்காருவோம். தங்கவேலு இலை போடுவார். தம்பி பாண்டியன் குழம்பு வாளியோடு வருவார். கேட்காமலே இரண்டாவது கரண்டி விழும்... அந்தப் பசி இப்போது எங்கே கிடைக்கும்?

அப்பா காலமானதும் சொத்தைப் பிரித்தார்கள். ஹாலுக்கு நடுவே ஒரு சுவர் எழும்பியது. அண்ணன் பாதியில் ஹோட்டல். தம்பி பாதியில் ஏலக்காய் குடோன். பன்னிரண்டு வருஷம் பேச்சுவார்த்தை கிடையாது.

போன வருஷம் ஹோட்டலைப் புதுப்பிக்க, கோயம்புத்தூரிலிருந்து ஒரு இன்டீரியர் டிசைனர் வந்தார். அந்தப் பெண் டேப்பை வைத்து அளந்தார். உதட்டைப் பிதுக்கினார்.

“ரயில் பெட்டி மாதிரி இருக்கு சார். டேபிளுக்கு டேபிள் இடைவெளி வேணும். இந்தச் சுவரை எடுக்க முடியுமா?”

தங்கவேலு பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். “நீ போயி பாண்டிகிட்ட பேசுறியாப்பா?”

“உன் தம்பிதானே? நீயே போ.”

இரண்டு நாள் யோசித்தார். மூன்றாம் நாள் காலை, டிசைனர் வரைந்த படத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு குடோனுக்குப் போனார். துணைக்கு நானும் போனேன்.

“இந்தச் செவத்த எடுத்துருவமாடா? ரெண்டு பேரும் சேந்தே நடத்துவோம்.”

பாண்டியன் படத்தைத் தொடவில்லை. “டிசைன்காரவுக சொன்னாகன்னு வந்தீகளாக்கும்?”

“ஆமாடா. அவுக சொல்லலேன்னா எனக்கு இங்கன வரத் தைரியம் இருந்திருக்காது. கட்டுன அன்னைக்கே எனக்கு மனசு ஒப்பல...”

பாண்டியன் ஒரு மூட்டையை இழுத்துப் போட்டார். “நின்னுக்கிட்டே பேசுனா எப்படிண்ணே? உக்காருங்க. படத்த விரிங்க.”

இப்போது அந்த ஹாலில் மங்கலான விளக்குகள், தேக்கு மேஜைகள், காதை உறுத்தாத இசை. பணியாளர்கள் கிசுகிசுப்பாகத்தான் பேச வேண்டும் — டிசைனரின் உத்தரவு.

திடீரென்று ஒரு மூலையிலிருந்து குரல் வெடித்தது. “ஏலே பாண்டி! ஏழாம் டேபிளுக்குத் தண்ணி!”

“இந்தா வந்துட்டேண்ணே!”

மொத்த ஹாலும் திரும்பிப் பார்த்தது. டிசைனர் தலையில் கைவைத்துக்கொண்டார்.

சத்தம் போடாதீர்கள் என்று யார் போய்ச் சொல்வது — பன்னிரண்டு வருஷம் பேசாமல் இருந்தவர்களிடம்?