பூப்பெட்டியில ஏறாத குப்பி

எங்க வீட்டுக்காரருக்குப் பேய் புடிச்சிருக்குன்னு சொன்னவுக வாயில மண்ணள்ளிப் போடணும் போல இருக்கும் எனக்கு. ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுல தக்காளியும் முருங்கைக்காயும் ஏத்திக்கிட்டுக் கேரளாவுக்கு லாரி ஓட்டுன மனுசன். கண்ணைக் கட்டி விட்டாலும் பாலக்காடு போய்ச் சேந்துருவாருன்னு கூட ஓட்டுறவங்க சொல்லுவாங்க. அந்த ஆளு ஒரு நாளு நடு ரோட்டுல வண்டிய நிப்பாட்டிப்புட்டு, "நாம எங்கடா போறோம்?"னு கிளீனரைக் கேட்டிருக்காரு. குடிச்சிட்டு ஒளறுறான்னு ஓனர் சாவிய வாங்கிக்கிட்டாரு.

அது தொண்ணூறுகளோட கடைசி. அவுகளுக்கு நாப்பத்திச் சொச்சம் வயசு. திண்டுக்கல்ல வாடகை வீடு. நான் மில்லுல ஷிப்ட் வேலை. தலைவலிங்குறாரு, சாயங்காலமானா ஒடம்பு சுடுது. பொறவு பேரெல்லாம் மறக்க ஆரம்பிச்சுச்சு. ஒரு நாளு நான் வேலை முடிஞ்சு உள்ள வாரேன், எந்திரிச்சு நின்னு, "வாங்க, யாரைப் பாக்கணும்?"னாரு. அத்தனை வருசமா "ஏ புள்ள"ன்னு கத்துன வாயி. சண்டை போட்டப்பகூட நான் அழுததில்ல. அந்த மரியாதையக் கேட்டுட்டு அடுப்படியில உக்காந்து அழுதேன்.

அத்தை கன்னிவாடிப் பக்கம் யாருகிட்டயோ கூட்டிட்டுப் போயி மந்திரிச்சுத் தாயத்துக் கட்டுச்சு. நான் அறுத்து எறிஞ்சேன். "நீயெல்லாம் பொம்பளையா?"ன்னுச்சு. "இருந்துட்டுப் போறேன் அத்தை"ன்னுட்டு டவுன்ல ஒரு டாக்டர்கிட்ட கூட்டிப் போனேன்.

அந்த டாக்டர் பொறுமையாத்தான் சொன்னாரு. ரெண்டுல ஒண்ணு. டிபி கிருமி மூளையச் சுத்திப் பரவியிருக்கலாம். சீக்கிரம் ஆரம்பிச்சா மாத்திரையிலயே குணமாகும். இல்லேன்னா வயசான காலத்துல வர்ற மறதி நோயி முன்னாடியே வந்துருச்சு. அதுக்கு மருந்து இல்ல. "மாத்திரையக் குடுத்துத்தான் பாருங்களேன்"னேன். "குடிச்சுக் குடிச்சு ஈரல் கெட்டுக் கிடக்கும்மா. நிச்சயம் தெரியாம அதைக் குடுத்தா மாத்திரையே ஆளைக் கொன்னுரும்"னாரு. முதுகுத்தண்டுல ஊசி போட்டுக் கொஞ்சம் தண்ணி எடுக்கணும், மதுரையில அதை மட்டுமே ஆராய்ச்சி பண்ணுற ஒரு டாக்டரம்மா இருக்கு, எந்த நோயி வந்தா அந்தத் தண்ணியில என்ன கூடுது, என்ன குறையுதுன்னு அளந்து சொல்லும்னாரு.

ஊசி போடுற அன்னைக்கு அவுக போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. நாலு பேரு அமுக்கிப் புடிச்சோம். சின்னக் குப்பியில சொட்டுச் சொட்டா எறங்குச்சு, காய்ச்சி ஆற வச்ச தண்ணி கணக்கா. இதுக்குத்தானா இம்புட்டுப் பாடுன்னு இருந்துச்சு.

"சூடு பட்டா உள்ள இருக்குறது கெட்டுப்போகும். ஐஸ்லயே வச்சு நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும்"னு டாக்டர் சொன்னாரு. எனக்கு உடனே கொழுந்தனார் ஞாபகந்தான். பூ யாவாரம். தெர்மாகோல் பெட்டியில மல்லிகையையும் ஐஸையும் அடுக்கித் தெனமும் மதுரைக்குக் கொண்டு போறவரு. அவரைவிட ஐஸ் தெரிஞ்சவரு யாரு இருக்கா? குப்பியக் கையில குடுத்து, "ஐஸ்ல வைங்க, நேரா ஆஸ்பத்திரி"ன்னு சொல்லித்தான் பஸ் ஏத்திவிட்டேன்.

சாயங்காலம் டாக்டர் கூப்புட்டு விட்டாரு. தண்ணி கெட்டுப்போச்சு, ஒண்ணும் பாக்க முடியல, மறுபடி எடுக்கணும்.

கொழுந்தனாரைப் போயிப் புடிச்சேன். அவரு பாட்டுக்குச் சொல்றாரு, "மதனி, அது கோயிலுக்குப் போற பூவு. குளிச்சு முழுகித்தான் பெட்டியவே தொடுறேன், மோந்துகூடப் பாக்க மாட்டேன். அதுல போயி மனுச ஒடம்புத் தண்ணிய வக்கலாமா? தீட்டாயிராதா?" குப்பிய மஞ்சப்பையில போட்டு மடியில வச்சுக்கிட்டு, எஞ்சினுக்குப் பக்கத்து சீட்டுல உக்காந்து போயிருக்காரு, சித்திரை வெயில்ல. அதுவும் மொதல்ல கோயிலு, பூவக் குடுத்துட்டு, அண்ணன் பேருக்கு அர்ச்சனையும் பண்ணிட்டு, அப்புறந்தான் ஆஸ்பத்திரி. "அண்ணனுக்காகத்தான் மதனி வேண்டிக்கிட்டே போனேன்"னு கண்ணு கலங்குறாரு. பாவின்னு திட்டவும் முடியல, திட்டாம இருக்கவும் முடியல.

ரெண்டாவது ஊசின்னதும் அவுக கட்டிலுக்கு அடியில போயிப் படுத்துக்கிட்டாரு. பொண்டாட்டி மறந்துபோச்சு, ஊசி மட்டும் மறக்கல. அத்தை வாசப்படியில குறுக்க உக்காந்து, "எம்புள்ளைய இன்னொரு தடவ குத்துனா நான் நாண்டுக்கிட்டுச் செத்துருவேன்"னுச்சு. கொழுந்தனாரும் ஆத்தா பக்கம். நான் கத்துனேன், கெஞ்சுனேன், கால்ல விழுந்தேன். அப்படியே வைகாசி போச்சு, ஆனியும் பாதி போச்சு.

ஒரு நாளு விடிஞ்சு எழுப்புனா எந்திரிக்கல. வாய் ஒரு பக்கம் இழுத்துக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் அத்தை வழி விட்டுச்சு.

மதுரையில அந்த ஆராய்ச்சி டாக்டரம்மாவே வந்து தண்ணி எடுத்துச்சு. சின்ன வயசு, என் மூத்த மகளைவிட நாலஞ்சு வயசுதான் கூட இருக்கும். திரும்பி வந்து, "டிபிதான்க்கா. மாத்திரை ஆரம்பிச்சுட்டோம், ஆனா ரொம்ப முத்திப்போச்சு"ன்னுச்சு. "மொதத் தடவையே தெரிஞ்சிருந்தா பொழைச்சிருப்பாராம்மா?"ன்னு கேட்டேன். அது தரையப் பாத்துச்சு. மிச்சத் தண்ணிய ஆராய்ச்சிக்கு வச்சுக்கட்டுமான்னு தயங்கித் தயங்கிக் கேட்டுச்சு. இன்ன நோயின்னு சீக்கிரமே கண்டுபுடிக்க வழி பாக்குறாங்களாம். "எடுத்துக்கம்மா, எவ தாலியாச்சும் தப்பட்டும்"னேன்.

ஒரு வாரந்தான். மாத்திரை ஏறுறதுக்குள்ள ஆளு போயிட்டாரு.

மூத்தவளக் கட்டிக் குடுத்தது வடக்க, அவ வந்து சேர மறுநாளாகும். அதுவரைக்கும் ஒடம்ப வீட்டுல வச்சிருக்கணும். கொழுந்தனார்தான் ஓடுனாரு. பூ மார்க்கெட்டுல இருந்து பாளம் பாளமா ஐஸு, வண்டியில வந்து எறங்குது. தானே ஒடைச்சு, தானே அண்ணனைச் சுத்தி அடுக்குனாரு. தலமாட்டுல, கால்மாட்டுல, முதுகுக்கு அடியில. கையெல்லாம் வெறச்சுப்போயி, என்னையப் பாத்து, "ஐஸு இன்னும் வேணுமா மதனி?"ன்னாரு.

"அன்னைக்கு அந்தக் குப்பிக்கு ஒரு கை ஐஸு குடுத்திருந்தா, இன்னைக்கு இம்புட்டு வேண்டியிருக்காது கொழுந்தனாரே"ன்னேன்.

எழவுக்கு வந்த சனம் பூராவும் அழுகைய நிப்பாட்டிருச்சு. அவரு வெளிய போயி, சாவு சேதி வர்றதுக்கு முன்னாடியே கோயிலுக்குன்னு அடுக்கி வச்சிருந்த பெட்டியத் தூக்கிட்டு வந்தாரு. மூடியத் தொறந்து, அம்புட்டு மல்லிகையையும் அண்ணன் மேல கொட்டுனாரு.