காதில் விழுந்த கரகரப்பு

தெய்வசிகாமணிக்குச் சிறு வயதிலேயே மாலைக்கண். முப்பது வயதுக்குள் பகல் வெளிச்சமும் போய்விட்டது. வடக்கனந்தலில் இருந்த ஒன்றரை ஏக்கர் கரும்பை மனைவி ஜெயசுதா பார்த்துக்கொண்டாள். இவர் சென்னையில் ஆறு மாதம் தங்கிக் கம்ப்யூட்டர் கற்றுக்கொண்டு வந்தார். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும் மென்பொருள் ஒன்றைப் போட்டுக்கொண்டார். கூட்டங்களில் பதிவான பேச்சை ஒரு கம்பெனி அனுப்பும். இவர் கேட்டு, தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவார். எட்டு வருஷமாக அதுதான் பிழைப்பு. அந்த மென்பொருளின் குரலை அவர் ஓடவிடும் வேகத்தில் வேறு யாருக்கும் ஒரு சொல்கூடப் புரியாது.

போன ஆவணியில் அந்தக் குரலில் கரகரப்பு விழுந்தது. காய்ந்த எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் படபடவென்று ஒரு சத்தம். 'ச' வரும் இடமெல்லாம் குரல் உடைந்தது.

ஹெட்போனைப் பிடுங்கி வேறு துளையில் செருகிப் பார்த்தார். புதிது வாங்கினார். ஒலிக்கான டிரைவரை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றினார். ஒலியை மெருகேற்றும் வசதிகளை ஒவ்வொன்றாக அணைத்தார். வைஃபையை நிறுத்திப் பார்த்தார். எர்த் சரியில்லையோ என்று வயர்மேனை அழைத்து அதையும் மாற்றினார். ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் குறைந்தது போலிருக்கும். மறுநாள் காலையில் அப்படியே இருக்கும்.

இதற்குள் கம்பெனியிலிருந்து இரண்டு கோப்புகள் திரும்பி வந்துவிட்டன. 'சாலை' என்று பேசியதையெல்லாம் இவர் 'ஆலை' என்று அடித்திருந்தார்.

கள்ளக்குறிச்சியிலிருந்து கம்ப்யூட்டர் பழுதுபார்க்கும் தீனதயாளன் வந்தான். ஹெட்போனை மாட்டி வெகுநேரம் கேட்டான்.

"அண்ணே, சுத்தமா கேக்குதே. ஒரு கொறையும் இல்லியே."

"சரியா கேளுப்பா. பொரியற மாதிரி வர்ல? வந்த வேலைய முடிக்காம கெளம்பப் பாக்குறியா?" என்று தெய்வசிகாமணி சத்தம் போட்டார்.

களை எடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்த ஜெயசுதா ஹெட்போனை வாங்கிக் காதில் வைத்தாள். பிறகு ஏதோ சொன்னாள்.

"இன்னா சொன்ன?"

"சத்தம் எதுவும் இல்லீங்க. தெளிவாத்தான் கீது." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சேர்த்துக்கொண்டாள்: "எது சொன்னாலும் ரெண்டு தபா கேக்குறீங்க. கொஞ்ச நாளாவே அப்பிடித்தான். வேலை நெனப்புல கீறீங்கன்னு நான் சும்மா வுட்டுட்டேன்."

தீனதயாளன் திருப்புளிகளைப் பையில் போட்டுக்கொண்டு, காசு வேண்டாமென்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆஸ்பத்திரியில் காதைச் சோதிக்க, வெளிச்சத்தம் புகாதபடி அடைத்த அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்கும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். விரலைப் பொத்தான்மேல் வைத்தபடி காத்திருந்தார். வெகுநேரம் அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. ஆரம்பித்துவிட்டார்களா என்று கேட்டார். பாதி முடிந்துவிட்டது என்றார்கள்.

"கண்ணை எடுத்த அதே நோய்தாங்க," என்றார் டாக்டர். "இப்ப காது நரம்பையும் பிடிச்சிருக்கு. மெஷின் வெச்சா கொஞ்ச நாளைக்கு உதவும். போனது திரும்பாது."

"இன்னும் எத்தினி வருஷங்க?"

"அதைச் சொல்ல முடியாதுங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர், "கோளாறு கம்ப்யூட்டர்ல இருந்திருந்தா எப்பிடியாவது சரி பண்ணியிருப்பேன்," என்றார். ஜெயசுதா ஏதாவது சொன்னாளா என்பது பஸ் இரைச்சலில் அவருக்குத் தெரியவில்லை. அவள் கை மட்டும் அவர் முழங்காலில் இருந்தது.

கம்பெனிக்கு அவரே எழுதி வேலையை விட்டார். காதுமெஷின் வந்தது. அது குரலைப் பெரிதாக்கியது. கரகரப்பையும் சேர்த்தே பெரிதாக்கியது. இனி விரலால் தடவிப் படிக்கத்தான் பழக வேண்டும் என்று சொல்லி, புள்ளி எழுத்துப் புத்தகம் ஒன்று கொடுத்தார்கள். நாற்பத்திரண்டு வயது விரலுக்கு மூன்று புள்ளியும் நான்கு புள்ளியும் ஒன்றாகவே படுகின்றன. இரண்டு மாதத்தில் ஏழு எழுத்து வந்திருக்கிறது.

ஜெயசுதா கழனிக்குப் போனதும் கம்ப்யூட்டரைப் போட்டு, குரலின் வேகத்தை அடிமட்டத்துக்கு இறக்கி, பழைய கோப்பு எதையாவது படிக்கவிட்டுக் கேட்கிறார். ஒரு பக்கம் முடிய அரைமணி நேரம் ஆகிறது. சில நாள் அதையும் போடுவதில்லை.