வகுபடாத சைக்கிள் நம்பர்

சித்திரை வெயிலில் காய்ந்த சைக்கிள் சீட்டின் ரெக்சின் வாசனை இன்றும் எனக்கு எரிச்சலைத்தான் கிளப்புகிறது. அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸில் இருந்த என் தாய்மாமா பைக் வாங்கியபின், அவருடைய பழைய சைக்கிள் சுவரோரம் சும்மாவே நின்றது. எட்டாவது முடித்திருந்த எனக்கு அது வேண்டும். பள்ளிக்கூடம் சிதம்பரத்தில், வீடு கீரப்பாளையத்தில். எங்கள் சீருடையைக் கண்டாலே பஸ்காரர்கள் நிறுத்தாமல் போவார்கள், பாதி நாள் முதல் பீரியடே எனக்குக் கிடையாது.

கோடை லீவில் மாமா வீட்டுக்குப் போய் நச்சரித்தேன். நாலாம் நாள் அவர் ஒரு “பந்தயம்” வைத்தார். “கணக்குல நூறுன்னு பீத்திக்கிற இல்ல? சீட்டுக்குக் கீழ ஒரு நம்பர் அடிச்சிருக்கு பாரு. அத மீதியில்லாம வகுக்குற நம்பர் ஒண்ணு சொல்லு, சைக்கிள எடுத்துக்கிட்டுப் போ. ஒண்ணும் அதே நம்பரும் செல்லாது.”

104729. துருவைச் சுரண்டி “ரஃப் நோட்டில்” எழுதிக்கொண்டு இரண்டு, மூன்று, நான்கு என்று வரிசையாக வகுக்க ஆரம்பித்தேன். பதின்மூன்றால் வகுத்தபோது மீதி ஒன்றே ஒன்று வர, அழுதேவிட்டேன். இரண்டால் போகாதது நான்கால் மட்டும் எப்படிப் போகும் என்று உறைக்கவே ஒரு வாரம் ஆயிற்று, அவ்வளவு மண்டு நான். அதன்பின் பகா எண்களால் மட்டும் வகுத்தேன். “மண்ட காயப்போவுதுடி, வந்து மோரு குடி” என்று அத்தை கத்திக்கொண்டே இருப்பார். 401ஆல் வகுத்த அன்று ஈவு 261, மீதி 68. வகுக்கும் எண்ணைவிட ஈவு சிறியதாகிவிட்டதை அப்போதுதான் கவனித்தேன். இனி ஒரு பெரிய எண் மீதியில்லாமல் வகுத்தால் அதன் ஜோடி சிறியதாகத்தானே இருக்க வேண்டும், சிறியதையெல்லாம்தான் பார்த்து முடித்தாயிற்றே! 324ஐ 324ஆல் பெருக்கினாலே 104729ஐத் தாண்டிவிடும், 323ஓடு நிறுத்தியிருக்கலாம். சைக்கிள் நம்பரை எந்த எண்ணும் வகுக்காது. அது பகா எண்.

நோட்டோடு மாமாவிடம் ஓடினேன். அவர் புரட்டக்கூட இல்லை. “வகுக்குற நம்பரக் கேட்டா, வகுக்கவே வகுக்காதுன்னு வந்து நிக்கிற. ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.” இல்லாததை இல்லை என்று காட்டுவதும் விடைதான் என்று எவ்வளவு சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அடுத்த மாதமே சேத்தியாத்தோப்பிலிருந்து அத்தையின் தம்பி வந்து சைக்கிளை ஓட்டிக்கொண்டு போனார். நான் மறுபடி பஸ்ஸின் பின்னால் ஓடினேன்.

இப்போது கடலூரில் வேலை. ஒரு எண் பகா எண்ணா என்று கேட்டால் என் போன் கண்ணிமைக்குமுன் சொல்லிவிடுகிறது. அந்த நோட்டு பழைய பேப்பருக்கும், சைக்கிள் பழைய இரும்புக்கும் போய்விட்டன. ரிட்டயரான மாமாவைப் போன மாதம் பார்த்தபோது, பகா எண் என்று தெரிந்துதான் என்னை மாட்டிவிட்டாரா என்று நேராகவே கேட்டேன்.

“என்னா நம்பரு? மத்தியானம் கண்ண மூடவுடாம சைக்கிளு சைக்கிளுன்னு உசுர வாங்குன. உன் வாய அடைக்க எதையாவது சொல்லியிருப்பேன்.”

என்னைத் திட்டமிட்டு ஏமாற்றினார் என்றுதான் இத்தனை வருடம் அவர்மேல் கோபம் வைத்திருந்தேன். நான் ஜெயித்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டிய ஒரே மனிதருக்கு அப்படி ஒரு பந்தயம் நடந்ததே நினைவில்லை.